தம்பிக்கு இட்ட இலை

மலாயாவின் குளுவாங் ரயில் மேடையில், வாழை இலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறியிருக்கிறது. சாப்பாட்டுக் கடை என்று நினைத்து உட்கார்ந்து முதல் கவளத்தை விழுங்கியும் விடுகிறேன். என் வயிறு எப்போதும் எனக்கு முன்னால் பயணம் செய்யும்.

குழாயடியிலிருந்து ஓர் அம்மாள் செம்பில் தண்ணீரோடு வருகிறார். பக்கத்து ரப்பர் பால்மரத் தோட்டத்தில் வேலை செய்பவர்.

"அது என் தம்பிக்குப் படைச்சதுங்க."

பதறி எழப் பார்க்கிறேன். தோளை அழுத்தி உட்கார வைக்கிறார்.

"துருக்கிக்காரனோட நடந்த பாஸ்ரா சண்டையில, வெள்ளைக்காரனுக்கு ரயில் ரோடு போடக் கடல் தாண்டிப் போனான். கெளம்புன அன்னிக்கு இதே எடத்துலதான் சோறு போட்டேன். பாதியில வண்டி வந்துருச்சு, எந்திரிச்சு ஓடிட்டான். போன எடத்துலயே செத்தும் போயிட்டான். டேசன் மாஸ்டர் வருசா வருசம் வெரட்டுறாரு. நானும் வருசா வருசம் இங்கதான் படைக்கிறேன்."

"கடைன்னு நெனச்சிட்டேங்கக்கா."

"கை வச்சிட்டீங்கல்ல? முழுசா முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும்."

சிங்கப்பூர் வண்டி வந்து நிற்கிறது. நான் ஏற வேண்டிய வண்டி. கார்டு என்னை முறைத்துக்கொண்டே பச்சைக் கொடியை எடுக்கிறார். சோற்றுக்காக நான் விடாத மானம் இல்லை. வண்டியை மட்டும் இதுவரை விட்டதில்லை.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்கக்கா" என்கிறேன்.

வண்டி கிளம்புகிறது. அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. காலியாகிக்கொண்டிருக்கும் இலையைத்தான் பார்க்கிறார்.