நான்கு குடைக்காளான்கள்

என் கணவர் அன்று காலை எட்டரை மணிக்கு மூன்று காளான்களைத் தின்றார். பத்து மணிக்கு வாந்தி எடுக்க ஆரம்பித்தார். பறித்தவள் நான், பொரித்தவள் நான், "துன்னுங்க, ஆறிப்போவுது" என்று தட்டை நகர்த்தியவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைப் பாவம் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

எங்களுக்குப் படவேடு பக்கம். கல்யாணமான கையோடு செக் நாட்டுக்குப் போய்விட்டோம். அவருக்கு அங்கே இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு வேலை இல்லை, பாஷையும் இல்லை. முதல் வருஷம் நான் வாயைத் திறந்து பேசிய ஒரே ஆள் அவர்தான், அவரும் வேலை முடிந்து வந்தால் சோபாவிலேயே தூங்கிவிடுவார். அதனால் சனிக்கிழமைதோறும் ரயிலேறி எங்கேயாவது போவோம். எந்த ஊர் என்றுகூடப் பார்க்காமல் டிக்கெட் எடுத்த நாட்கள் உண்டு. அப்படித் திரும்பி வரும்போது ஒரு நாள் கவனித்தேன், பெட்டியில் பாதிப் பேர் மடியில் கூடை, கூடை நிறையக் காளான். கோட்டு போட்ட பெரிய மனுஷன்கூட முட்டியில் சேற்றோடு கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட, இதென்ன கூத்து என்று எங்கள் கீழ்வீட்டுக்காரியிடம் கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். அவள் அடுத்த வாரமே என்னைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே ஒரு காளான் உண்டு. விரித்த குடை மாதிரி பெரிசாக, மேலே பழுப்புச் செதிலோடு இருக்கும். தண்டில் மோதிரம் போட்டது போல ஒரு வளையம். அந்த வளையம் மேலும் கீழும் நகர்ந்தால் நல்லது, ஒட்டிக்கொண்டிருந்தால் தொடாதே என்று கீழ்வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்தாள். அதன் தலையை முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். ஆறு வருஷத்தில் நான் அதில் கில்லாடி ஆகிவிட்டேன். அந்த நாட்டில் பஸ் கதவு திறக்கக்கூட அடுத்தவரைக் கேட்கிறவள், காட்டுக்குள் போனால் மட்டும் மகாராணி. அவரும் ஒவ்வொரு முறையும் தட்டைக் காலி செய்துவிட்டு "நல்லாக்கீது" என்பார்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அவருடைய அண்ணன் காரை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் ஜவ்வாது மலைக்குப் போனோம். ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி, சாமை வயலை ஒட்டி ஒரு சின்ன வாடகை வீடு. அதைப் பார்த்துக்கொண்டது ஒரு மலைக்காரம்மாவும் அவள் புருஷனும். முதல் நாள் நல்ல மழை. மறுநாள் விடிந்ததும் வெளியே வந்தால், மாடு மேய்கிற புல்தரையில் அதே குடை! அதே செதில்! எனக்குக் கை கால் ஓடவில்லை. வளையத்தைப் பிடித்து நகர்த்திப் பார்த்தேன். வழவழவென்று நகர்ந்தது. புல்தரையில் மூன்று, பலா மர நிழலில் ஒன்று, ஆக நான்கு பறித்தேன்.

அடிப்பக்கத்து மடிப்பில் ஓரமாக லேசாகப் பச்சை தெரிந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மழையில் பாசி ஒட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துடைத்துவிட்டேன்.

மலைக்காரம்மா பத்தடி தூரத்தில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அங்கே ஆறு வருஷமாகக் கண்டவரையும் நிறுத்தி வழி கேட்டவள், இங்கே கேட்கவில்லை. நான் இந்தப் பக்கத்துப் பெண், போதாததற்குச் சீமையில் காளான் படித்தவள், எனக்கு யார் சொல்ல வேண்டும்? அந்தத் திமிர்தான்.

செக் நாட்டில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். இங்கே அந்தம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு ஒரு கூச்சம். புருஷனுக்கு முதலில் பரிமாறிவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். அவர் மூன்றைத் தின்றார். நான்காவது எனக்காகச் சட்டியில் கிடந்தது. "நல்லாக்குதாங்க?" என்று கேட்டேன். "நல்லாக்கீது" என்றார். அந்த நேரத்தில்தான் அந்தம்மா குப்பை அள்ள உள்ளே வந்து, முறத்தில் கிடந்த தண்டுகளைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? இத்தயா ஆக்கின?"

"ஆமாங்க, காளான்."

"அய்யய்யோ! இத்த எங்க மாடுகூட மோந்து பாக்காதும்மா. நாங்க புத்துல மொளைக்கிறதுதான் துன்னுவோம். யாரு துன்னது?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஒண்ணும் ஆவலடி" என்று அவர் சிரித்தார். உப்புத் தண்ணீர் கொடுத்தேன். வாந்தி வராதா என்றும் வேண்டினேன், வந்துவிடக் கூடாதே என்றும் வேண்டினேன். எந்தச் சாமிக்கு எந்த வேண்டுதல் என்றே தெரியவில்லை. படவேட்டு அம்மனுக்கு மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. அந்தம்மாவின் புருஷன் காலையிலேயே சந்தைக்குப் போய்விட்டான். பத்து மணிக்கு இவர் முகம் வெளுத்து, வேர்த்து, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

கார் இருந்தது. ஓட்ட நான் மட்டும்தான் இருந்தேன். நான் கார் கற்றுக்கொண்டதே செக் நாட்டில், அங்கே எல்லோரும் சாலையின் வலப்பக்கம் போகிறவர்கள். இந்த ஊரில் ஒரு தெருமுனைவரைகூட நான் ஓட்டியதில்லை. பின்சீட்டில் அவரைப் படுக்க வைத்து, பிளாஸ்டிக் வாளியோடு அந்தம்மா ஏறிக்கொண்டாள். ஏறுவதற்கு முன் முறத்திலிருந்த தண்டுகளையும் சட்டியிலிருந்த நான்காவதையும் ஒரு கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடியது. கியர் போடப் போன வலது கை கதவில் போய் இடித்தது. முதல் வளைவிலேயே என் கை பழக்கத்தில் வண்டியை வலப்பக்கம் கொண்டுபோய்விட்டது, எதிரே பஸ். ஹாரன் அலறிய அலறலில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "எடது பக்கமா போம்மா! எடது பக்கம்!" என்று அந்தம்மா பின்னாலிருந்து கத்தினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் "எடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள், நடுநடுவே அவர் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டு. நான் அழுதுகொண்டே ஓட்டினேன். ஜமுனாமரத்தூரில் சந்தைக் கூட்டம். ஆட்டையும் மூட்டையையும் விலக்கி, ஜன்னல் வழியாக எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டி, எப்படியோ ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

டாக்டர் சின்னப் பெண். சலைனை ஏற்றச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"எப்ப சாப்பிட்டாரு? வாந்தி எப்ப ஸ்டார்ட் ஆச்சு?"

சொன்னேன். "ஒன்றரை மணி நேரம். சீக்கிரம் வந்தது நல்லதுதான்" என்றாள்.

"நல்லதா? மனுஷன் குடலே வெளிய வருது, நல்லதுன்றீங்க?" என்று பாய்ந்தேன்.

அவள் கோபப்படவில்லை. "உயிருக்கு ஆபத்தான காளான் பெரும்பாலும் அரை நாள் சும்மா இருக்குங்க. அப்புறம்தான் ஈரலைப் புடிக்கும். இது உடனே படுத்துற வகைன்னு நெனைக்கிறேன்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. உடனே அவள் இன்னொன்று கேட்டாள்: "எல்லாமே ஒரே எடத்துல பறிச்சதா? ஒரே வகைதானா?"

வந்த மூச்சு அங்கேயே நின்றது. மூன்று புல்தரை. ஒன்று பலா மர நிழல். அந்த ஒன்றையும் நான் சரியாகப் பார்த்தேனா? வளையத்தை நகர்த்தினேனா? மூன்று சரியாக இருந்தது, நான்காவதும் அதுதான் என்று கூடையில் போட்டேனோ? முட்டையில் முக்கி ரஸ்க் தூளில் புரட்டிவிட்டால் எல்லாம் ஒரே முகம். அவர் வயிற்றுக்குள் போனது எது, சட்டியில் மிஞ்சியது எது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தம்மா கவரை அவிழ்த்து, மிஞ்சியதன் மேல்தூளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பச்சையா கருப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தண்டுகளோ ஒன்றோடொன்று நசுங்கிக் கிடந்தன.

"நாளைக்குக் காலைல ரத்தம் பாத்துதான் சொல்லணும். அதுவரைக்கும் கண் வெச்சிருப்போம், எதுனா மாறுச்சுன்னா மலைக்குக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்" என்றாள் டாக்டர்.

மதியம் வாந்தி நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சும்மா இருக்கிற நேரம்தான் ஆபத்து என்று அவள் சொல்லியிருந்தாளே. அவர் கண் மூடினால் எழுப்பினேன். கண்ணைத் திறந்தால் மஞ்சள் தெரிகிறதா என்று இமையை இழுத்துப் பார்த்தேன். "வுடுடி, தூங்கறேன்" என்றார். விடவில்லை. இவர் இல்லாமல் நான் அந்த ஊருக்குத் திரும்பிப் போய் அந்தச் சோபாவை எப்படிப் பார்ப்பேன் என்று ஒரே நினைப்பு. அந்தம்மா சாயங்காலம்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை வந்தது. ஈரலுக்கு ஒன்றுமில்லை, கஞ்சி கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எதிர்க்கட்டில்காரர் நான் தாலியறுத்துவிட்டதாக நினைத்து எழுந்தே வந்துவிட்டார்.

அப்புறம் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார், "மொத வாய்லயே தெரிஞ்சிச்சுடி. ருசி வேறயா இருந்துச்சு. ஒரு மாதிரி கசந்துச்சு."

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன். "அப்புறம் இன்னாத்துக்குத் துன்னீங்க? மூணையும் துன்னீங்களே!"

"நீ அடுப்பாண்ட நின்னு என் வாயயே பாத்துனு இருந்தியே." கஞ்சியை ஒரு வாய் விழுங்கிவிட்டு, "எனக்குக் காளானே புடிக்காதுடி. அந்த ஊர்ல உனுக்கு வேற இன்னா இருந்துச்சு சொல்லு" என்றார்.

ஆறு வருஷம். எத்தனை சனிக்கிழமை, எத்தனை தட்டு. ஒவ்வொன்றிலும் "நல்லாக்கீது".

நாங்கள் செக் நாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டோம். மொட்டை போட்ட தலையில் முடி முளைத்துக்கொண்டிருக்கிறது. கூடையைக் கீழ்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. வெறும் ரசம் சோறு போட்டாலும், அவர் முதல் வாய் வைத்துவிட்டு "நல்லாக்கீது" என்று சொன்னால் நான் நம்புவதில்லை. தட்டைப் பிடுங்கி, நான் ஒரு வாய் தின்று பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுக்கிறேன்.