இறங்காத இடம்

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு துணைவேந்தருக்குக் கார் ஓட்டினேன். அதற்கு முன் அவர் பாசிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. மைக்ராஸ்கோப்பில் பழகிய இடது கண், எதைப் பார்த்தாலும் தானே சுருங்கும்.

தினமும் காலைப் பனியில், தன் பழைய ஆய்வுக்கூடத்தின் முன்னால் காரை நிறுத்தச் சொல்வார். இறங்கமாட்டார். உள்ளே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும் மாணவர்களை ஜன்னல் வழியே பார்ப்பார். பிறகு, தூக்கம் கலைந்தவர்போல், “ஹோகோணப்பா” என்று கன்னடத்தில் கிளம்பச் சொல்வார். வண்டியைக் கிளப்புவேன்.

“உள்ள போய்ட்டு வாங்களேன் சார்” என்றேன் ஒருநாள்.

“நான் போனா எல்லாரும் வேலைய விட்டுட்டு எழுந்து நிப்பாங்கப்பா.”

பதவி முடிந்த அன்று இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ஒருத்தரும் எழுந்திருக்கல.”

அது நிம்மதியா, வேறு ஏதாவதா, குரலில் தெரியவில்லை. “ஹோகோணப்பா” என்பார் என்று காத்திருந்தேன். பனி முழுக்க விலகியும் அவர் சொல்லவில்லை.