ஐம்பது நொடிக்குள் இருபத்திரண்டு பேர்

ஒதவாராவில் ஒரு சிறிய விடுதியின் பின்புறம், கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில், ஹிசாயோ நெமொத்தோ குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து ரயில் வரைந்துகொண்டிருக்கிறார். காலை எட்டு மணி. சாக்பீஸில் முன்னும் பின்னும் இரண்டு கதவுகள், நடுவில் நடைவழி, ஒரு பக்கம் மும்மூன்றாக இருக்கைகள், மறுபக்கம் இரண்டிரண்டாக. கதவின் அகலத்தைச் சாணால் அளந்து பார்க்கிறார். நாலு விரற்கடை கூடிவிட்டால் செருப்பால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி போடுகிறார். ஐம்பத்தொன்பது வயதுப் பெண்மணி. எழுந்திருக்கும்போது முழங்கால் நறுக்கென்கிறது. அது யார் காதிலும் விழக் கூடாதென்று கூடவே ஒரு இருமல்.

"இன்னிக்கு ரயில் எந்தப் பக்கமா போகுதுங்க?" என்று கேட்கிறார் கார்களைப் பார்த்துக்கொள்ளும் குபொக்கி.

"உங்க சைக்கிள் தண்டவாளத்துல நிக்குது. முதல்ல அத எடுங்க."

குபொக்கி நிஜமாகவே எடுத்துவிடுகிறார்.

ஹிசாயோ சுற்றுலா வழிகாட்டி. முதல் முறையாக வெளிநாடு வருபவர்களின் குழுக்களைத்தான் விரும்பி ஏற்றுக்கொள்கிறார். ஹக்கோனே மலையைப் பார்த்துவிட்டு வருபவர்களை ஒதவாராவில் அதிவேக ரயில் ஏற்றி, கியோட்டோவில் இறக்க வேண்டும். வண்டி இங்கே நிற்பது ஒரு நிமிடம். இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகு மிஞ்சுவது ஐம்பது நொடி. அந்த ஐம்பது நொடியை வைத்துத்தான் பத்தொன்பது வருடமாக அவர் பிழைப்பு ஓடுகிறது.

ஆகவே ஒத்திகை. பெரிய பெட்டிகளையெல்லாம் முந்தின நாளே லாரியில் கியோட்டோவுக்கு அனுப்பிவிடுவார். காலையில் தோள்பையுடன் அத்தனை பேரும் சாக்பீஸ் ரயிலில் ஏறிக் காட்ட வேண்டும். கையில் நொடிமானியுடன் நின்றுகொண்டு, "இது கோடு இல்ல, சுவரு. சுவத்த மிதிக்காதீங்க," என்பார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். "சிரிங்க, நல்லா சிரிங்க. ஆனா உக்காந்துட்டு சிரிங்க." முதல் தடவை எப்போதும் இரண்டு நிமிடத்துக்கு மேல்தான் ஆகும். நாலாவது தடவைக்குள் ஐம்பதுக்கு வந்துவிடும். வராவிட்டால் அன்று காலை உணவு ஆறிப்போகும்.

இந்த வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் யொக்கொஹாமாவில் ஒரு பெரிய துணிக்கடையில் லிப்ட் இயக்கினார். வெள்ளைக் கையுறை, வட்டத் தொப்பி. வாடிக்கையாளர்களிடமிருந்து மாடி மாடியாகப் பொறுக்கிச் சேர்த்ததுதான் அவருடைய ஆங்கிலம். மனிதர்கள் கதவைத் தாண்டும் விதத்தையும் அங்கேதான் படித்தார். "உள்ள கால வெச்ச உடனே நின்னுடுவாங்க. நின்னு சுத்திப் பாப்பாங்க. பின்னாடி பத்து பேர் நிக்கிறது ஞாபகமே இருக்காது. அந்த நிக்கிறதுதான் எல்லா வம்புக்கும் காரணம்." அதனால் ஒத்திகையில் அவர் ஓயாமல் சொல்வது ஒன்றே ஒன்று: "காலு முதல்ல, கண்ணு அப்புறம்."

ரயிலில் எப்போதும் கடைசியாகத்தான் ஏறுவார். ஆரம்பத்தில் அப்படி இல்லை. இரண்டாம் வருடம், இடம் பிடித்துத் தருவதாக நினைத்து முதலில் ஏறிவிட்டார். திரும்பிப் பார்த்தபோது ஒரு துருக்கிக்காரரின் மனைவி உள்ளே, துருக்கிக்காரர் வெளியே, நடுவே மூடிய கதவு. அந்த அம்மாள் நகோயா வரை அழுதாள்; ஒரு வார்த்தை திட்டவில்லை. "திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்," என்பார் ஹிசாயோ. அதன் பிறகு நடைமேடையில் நின்று ஒவ்வொருவர் முதுகையும் இரண்டு விரலால் தொட்டு எண்ணி உள்ளே அனுப்பிவிட்டுத்தான் தான் கால் வைப்பார். முகத்தைப் பார்த்தால் பேச்சுக் கொடுப்பார்கள், எண்ணிக்கை தப்பும் என்று முகத்தைப் பார்ப்பதே இல்லை.

போன நவம்பரில் பிலிப்பைன்ஸிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள். போஹோல் தீவில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். தலைமையாசிரியையாக இருந்த மிண்டா அம்மாள்தான் அவர்களுக்குத் தலைவி. ஒத்திகை மூன்றாவது தடவையிலேயே நாற்பத்தாறு நொடிக்கு வந்துவிட்டது. ஹிசாயோ ஆச்சரியப்பட்டார். "மணி அடிச்சா வரிசைல நிக்கிறது எங்களுக்குப் புதுசாங்க?" என்றார் மிண்டா.

பத்து மணி ஏழு நிமிட வண்டி. நடைமேடையில் இரண்டு வரிசை. வண்டி வருவதற்குச் சற்று முன், நிற்காத வண்டியொன்று நடுத் தண்டவாளத்தில் போயிற்று. முதலில் தரை அதிர்ந்தது, பிறகு காற்று வந்து எல்லோருடைய சட்டையையும் பிடித்து இழுத்தது, அதற்குள் வண்டி இல்லை. யாரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். உடனே இவர்களுடைய வண்டி வந்து நின்றது.

ஹிசாயோ முதுகுகளைத் தொட்டார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. அடுத்த முதுகு இல்லை.

திரும்பினார். குளிர்பான இயந்திரத்துக்கு அப்பால், ஒரு தூணின் பக்கத்தில், கணக்கு வாத்தியார் ஆர்செனியோ துமலுவான் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "சார்," என்று கூப்பிட்டார் ஹிசாயோ. புறப்பாட்டு மணி அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. ஓடிப்போய் அழைத்துவர நேரமில்லை. ஏறிவிட்டால் ஒருவர் வெளியே. ஏறாவிட்டால் இருபத்தொரு பேர், இந்த நாட்டின் பெயர்ப்பலகைகளில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர்கள், மணிக்கு இருநூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் தனியாக. ஒரு கால் கதவருகே இருந்தது. அதைப் பின்னால் எடுத்தார்.

"மிண்டா மேடம், கியோட்டோ. பன்னெண்டு மணி ஒம்பது நிமிஷம். இறங்கின எடத்துலயே நில்லுங்க. எங்கயும் போகாதீங்க."

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் மிண்டா அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார்.

வண்டியின் வால் மறைந்த பிறகுதான் ஆர்செனியோ நிமிர்ந்தார். காலி நடைமேடையைப் பார்த்தார். ஹிசாயோவைப் பார்த்தார்.

"நம்ம வண்டி வந்துடுச்சா?"

"வந்துச்சு. போயிடுச்சு."

"மத்தவங்க?"

"போயிட்டாங்க."

"அப்ப நீங்க ஏன் போகல?"

ஹிசாயோ லிப்டில் கற்ற ஆங்கிலத்தில் கோபத்துக்குச் சொற்கள் இல்லை. யாரும் அங்கே கோபப்பட்டதில்லை. கைப்பேசியை எடுத்து அலுவலகத்துக்குச் சேதி அனுப்பினார். இரண்டு முறை தப்பாக வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். அடுத்த மாதக் குழு வேறு யாருக்காவது போகும்.

ஆர்செனியோ பக்கத்தில் வந்து நோட்டை நீட்டினார். தண்டனைக்குக் கை நீட்டும் பையனைப் போல இருந்தது. "நானூறு மீட்டர் நீளமுள்ள ரயில் ஒரு கம்பத்த அஞ்சே கால் நொடில கடக்குது. வேகம் என்ன? மணிக்கு எரநூத்தி எழுபத்தி நாலு கிலோமீட்டர். ஆனா நான் மனசுக்குள்ளதான் எண்ணினேன். அது நம்பகமில்ல."

"சார், இதுக்காகவா?"

"முப்பத்திநாலு வருஷம் பசங்களுக்கு ரயில் கணக்கு போட்டேங்க. ரயில் கம்பத்த கடக்கும், பாலத்த கடக்கும், எதுக்க வர்ற ரயில கடக்கும். எங்க தீவுல ரயிலே கெடையாது. நானும் பாத்ததில்ல, பசங்களும் பாத்ததில்ல." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "ஒருத்தி கேட்டா, சார், ரயில் போகும்போது கம்பத்துப் பக்கத்துல நின்னா எப்படி இருக்கும்னு. கணக்குல கேக்காதத கேக்காதன்னு உக்கார வெச்சிட்டேன். இப்ப அந்தக் காத்து மூஞ்சில அடிச்சதும், அவ பேரு என்னன்னு யோசிச்சேன். அதுலதான் வண்டி போயிடுச்சு. தப்பு என் மேலதான். நீங்க நல்லா திட்டுங்க."

"பேரு ஞாபகம் வந்துச்சா?" என்றார் ஹிசாயோ.

"இன்னும் இல்ல."

எல்லா நிலையத்திலும் நிற்கும் அடுத்த வண்டிக்கு இருபத்தாறு நிமிடம் இருந்தது. அதற்குள் மிண்டா அம்மாள் அழைத்தார். பின்னணியில் கலகலவென்று பேச்சு. "எல்லாரும் உக்காந்தாச்சு. ரெண்டு தடவ எண்ணிட்டேன், இருபத்தொண்ணு. டிக்கெட் பாக்க வந்த பொண்ணுகிட்ட சீட்டக் காட்டியாச்சு. பனி மூடின அந்தப் பெரிய மலை கூடத் தெரிஞ்சுது, அத்தன பேரும் எந்திரிச்சுட்டாங்க, அதட்டி உக்கார வெச்சேன். நீங்க எங்களப் பத்தி கவலப்படாதீங்க. அந்த ஆள விட்டுடாதீங்க. அவரு கல்யாணத்துக்கே முக்கா மணி நேரம் லேட்டு."

ஹிசாயோ நன்றி சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நிம்மதியாகத்தான் இருந்தது. அதோடு வேறு ஏதோ ஒன்றும், கையிலிருந்து பையை யாரோ வாங்கிக்கொண்டது போல. தோளுக்கு அது உடனே பிடிபடவில்லை. பத்தொன்பது வருடம் அவர் இல்லாமல் ஒரு வண்டியும் போனதில்லை. இப்போது போய்க்கொண்டிருக்கிறது, அதில் இருபத்தொரு பேர் மலை பார்க்கிறார்கள்.

தரை மெல்ல அதிர்ந்தது.

"வருது," என்றார் ஆர்செனியோ. அப்புறம் தயங்கித் தயங்கி, "உங்ககிட்ட அந்த நொடிமானி இருக்குல்ல?"

ஹிசாயோ அதைக் கொடுக்கப் போனார். "இல்ல இல்ல, நீங்களே பிடிங்க. நான் தூணைப் பாத்துக்கிட்டு தொடங்குறப்ப ஒரு கை, முடியறப்ப ஒரு கை தூக்குறேன்." அவர் கையைத் தூக்கினார், ஹிசாயோ அழுத்தினார். காற்று இருவரையும் ஓரடி பின்னால் தள்ளிற்று. அவர் மறுகையைத் தூக்கினார், ஹிசாயோ மறுபடி அழுத்தினார். ஐந்து நொடி, பத்தில் இரண்டு.

"இருநூத்தி எழுபத்தி ஏழு," என்றார் வாத்தியார், நோட்டில் பேனா படுவதற்கு முன்பே.

"நீங்க ரெண்டாவது கைய லேட்டா தூக்கினீங்க."

"அப்படியா?"

"நான் பாத்தேன். வால் தூணைத் தாண்டிடுச்சு. இன்னொரு தடவ பாப்போம்."

இருபத்தாறு நிமிடத்தில் ஐந்து வண்டிகள் போயின. நாலாவதற்குத் தூணை ஹிசாயோ பார்த்தார், வாத்தியார் அழுத்தினார். நடைமேடை ஊழியர் ஒருவர் இவர்களைக் கவனித்துவிட்டு, மஞ்சள் கோட்டுக்குள் நிற்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள்.

மெதுவண்டியில் முன்பதிவில்லாத பெட்டி பாதிக்குமேல் காலி. கடல் பக்கம் வாத்தியார் ஜன்னலோரம், பக்கத்தில் ஹிசாயோ. உப்பிலிட்ட பிளம்பழம் பொதிந்த சோற்று உருண்டையைப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தார். வாத்தியார் ஒரு வாய் தின்றுவிட்டுப் புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நிலையத்துக்கு நிலையம் வண்டி ஒதுங்கி நின்று வேகவண்டிக்கு வழிவிட்டது; ஒவ்வொரு தடவையும் பெட்டி ஒரு பக்கம் ஆட, அவர் பக்கத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வாயை மூடாமல் பார்த்தார். தேயிலைச் சரிவுகள், கூரைகள், ஆற்றுப் பாலம், மறுபடி கூரைகள். ஷிசுவோக்கா தாண்டியதும் சத்தமாக ஒரு பெயரைச் சொன்னார்: "ரொசெல்." அந்தப் பெண்ணின் பெயர். இப்போது அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், சேபுவில் எங்கோ இருக்கிறாளாம். ஊருக்குப் போனதும் விசாரித்து எழுதப் போவதாகச் சொன்னார். என்ன எழுதுவீர்கள் என்று ஹிசாயோ கேட்டார். "பதில்தான். கொஞ்சம் தாமதமாயிடுச்சு."

ஹமமட்சுவில் மிண்டா அம்மாளிடமிருந்து படம் வந்தது: கியோட்டோ நடைமேடை, சுவரோரம் இரண்டு வரிசை, இருபத்தொரு பேர். ஹிசாயோ திரையில் விரல் வைத்து ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் முதல் தடவையாக முகங்களைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவர் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்தும் பதில் வந்திருந்தது. வந்ததும் பேசலாம் என்று ஒரே வரி. கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்றென்று அவருக்கே தெரியவில்லை. வேலை நேரத்தில் கண்ணயர்ந்தது அதுவே முதல் தடவை. நடுப்பகல் வெயில் ஜன்னல் வழியே நேராக முகத்தில் விழுந்து, இமைக்குள் சிவப்பாக எரிந்தது. திரும்பிப் படுக்கவும் அலுப்பு. திடீரென்று அந்தச் சிவப்பு அணைந்தது.

ஒரு கண்ணைக் கீற்றாகத் திறந்தார். வாத்தியார் ஜன்னல் திரையைச் சத்தமில்லாமல் அடிவரை இறக்கியிருந்தார். நோட்டை மடியில் மூடி வைத்துக்கொண்டு, அந்தச் சாம்பல் நிறத் திரைக்கு நேரே முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஹிசாயோ அவர் மேல் படாமல் கையை நீட்டி, திரையின் அடியைப் பிடித்து மேலே கொண்டுபோய் விட்டார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, தன் முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.