எல்லை டிவி டைட்டஸின் சுத்தத் தமிழ்

குழித்துறையில் கேபிள் வயர் இழுத்துக்கொண்டிருந்த டைட்டஸ், 2008-இல் ‘எல்லை டிவி’ தொடங்கினார். கேரளா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தமிழைக் காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதாக அவரே முடிவு செய்துகொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

நாங்கள் அந்த டிவியைப் பார்த்ததே இரண்டு விஷயத்துக்காகத்தான். யார் இறந்தார்கள், குழாயில் எப்போது தண்ணீர் வரும். டெல்சி என்ற பெண் இரண்டையும் நன்றாகவே வாசித்தாள். “இன்னைக்கி ஆத்தோரம் வெள்ளம் வரும்” என்பாள். குடங்கள் குழாயடிக்குப் போய்விடும். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். டைட்டஸும் அதைக் குடித்து வளர்ந்தவர்தான். ஆனாலும், “அது மலையாளம். தமிழில் வெள்ளம் என்றால் ஆறு பெருகி வருவது” என்று சொல்லி அவளை வேலையைவிட்டு நிறுத்தினார். தானே கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ‘குடிநீர் விநியோகம்’ என்று வாசித்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஐப்பசியில் குழாய் ஒரு வாரமாகக் காற்றுதான் விட்டது. ஊரில் வெயில், மலையில் பேய்மழை. அணையைத் திறக்கிறார்கள் என்று டைட்டஸுக்குப் போன் வந்தது. உடனே திரையின் அடியில் எழுத்து ஓடவிட்டார்: ‘இன்று மாலை ஆற்றோரப் பகுதிகளில் வெள்ளம் வரும்.’ மேட்டுக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை. இலக்கணம் சரியாக இருந்தால் போதாதா?

நேசம்மாளக்கா பால் விற்றுப் பிழைப்பவர். இருந்த ஒரே சினைமாட்டை ஆற்றங்கரையில் கட்டியிருந்தார். எழுத்தைப் பார்த்ததும், டெல்சி திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்து, குடத்தோடு குழாயடிக்கு ஓடினார். ஆற்றோரத் தெரு முழுக்க அங்கேதான் வரிசையில் நின்றது. குழாயடி மேட்டில் இருந்ததால் ஆட்கள் தப்பித்தார்கள். மாட்டை ஆறு கொண்டுபோய்விட்டது.

மறுநாள் டைட்டஸ் ஆற்றங்கரைக்கு வந்து நேசம்மாளக்காவிடம் மைக்கை நீட்டினார், நேரலையாம்.

“வெள்ளம் வரும்னு எச்சரிச்சும் ஏம்மா இவ்வளவு அலட்சியம்?”

அந்த மைக்கைப் பிடுங்கி ஆற்றில் எறிய வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்குள் நேசம்மாளக்காவே அவரைப் பிடித்துக்கொண்டார்.

“வெள்ளத்துக்குத்தாம்லே கொடத்தோட நின்னேன்! எனக்க மாடு போச்சே, பாவி! தாகிச்சா நீ ஒனக்க அம்மைக்கிட்ட என்னலே கேப்ப?”

டைட்டஸ் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. இருமி இருமிக் கண் பிதுங்கி, கேமராக்காரனிடம் கையை நீட்டினார்.

“லே கிளீட்டஸு, இத்திரி வெள்ளம் தாடே.”

டிவிக்கு முன்னால் ஊரே சிரித்தது. நேசம்மாளக்கா சிரிக்கவில்லை. அவருக்கு மாடு போனது போனதுதான்.