பங்களா வளைவில் இறங்காமல்

அடுக்கடுக்கான ஸ்பிரிங்கில் ஓர் இரும்புப் பட்டையை உருவிவிட்டால் கார் தானாகத் தாழ்ந்துவிடும் என்று எனக்கு யோசனை சொன்ன மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். கார் தாழ்ந்தது உண்மை. அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை அவன் பட்டிருக்க வேண்டும்.

அப்போது இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டீமேக்கர். கொழுந்து தேயிலையாகி வெளியே போகும்வரை தொழிற்சாலை என் பொறுப்பு. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய தன் சிவப்புப் பந்தயக் காரை எனக்கு விற்றுவிட்டுப் போனார். தோட்டத்தில் பல பேருக்கு வயிற்றெரிச்சல். தொழிற்சாலை கீழே, என் வீடு மேலே. நடுவில், துரை பங்களா வாசலை ஒட்டி, ஒரு கொண்டை ஊசி வளைவு. வினை அங்கேதான்.

துரை பார்க்க அந்த வளைவில் எவனும் வண்டியில் உட்கார்ந்தபடி போகக் கூடாது. சைக்கிளானால் இறங்கித் தள்ள வேண்டும், குடையானால் மடக்க வேண்டும். கங்காணியாக இருந்த என் அப்பா கொட்டுகிற மழையில் அங்கே குடையை மடக்கிக்கொண்டு நனைந்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சுதந்திரம் வந்து, பழைய துரை போய், கொழும்பிலிருந்து நம் நாட்டு மனிதரே துரையாக வந்தும் வழக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் உத்தியோகத்தரில் முதலில் கார் வாங்கியவன் நான். காருக்கு என்ன சட்டம் என்று யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் தாமாகவே தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்ச பாரும், சைக்கிளெண்டாலென்ன, காரெண்டாலென்ன? துரை நிக்கேக்க இறங்கித்தான் போக வேணும்."

"எறங்கி காரை எப்படிங்க தள்ளுறது?"

"அது உம்மட பிரச்சினை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரே ஒரு தடவை, துரை வராந்தாவில் நிற்கும்போது, நிமிர்ந்து உட்கார்ந்தபடி அந்த வளைவைக் கடந்துவிட வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை.

கார் ஒத்துழைக்க வேண்டுமே! ஏற்றத்தில் திரும்பும்போது வெளிப்பக்கம் சாயும், உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொண்டு சரளைக்கல்லில் சும்மா சுழலும், எஞ்சின் நின்றுவிடும். நான் இறங்குவேனா? மெதுவாகப் பின்னுக்கு உருட்டித் தொழிற்சாலையிலேயே காரைப் போட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் வீட்டுக்கு நடப்பேன். கார் தாழ்ந்திருந்தால் சாயாது என்று அப்போதுதான் அந்த மகராசன் சொன்னான். பதுளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவன்.

பட்டையை உருவினோம். கார் தாழ்ந்தது, ஆனால் ஸ்பிரிங் தொளதொளத்து முன்னைவிட மோசமாகச் சாய்ந்தது. சரி, பட்டையைத் திரும்பப் போட்டு, ஸ்பிரிங்கின் வளைவைத் தட்டி நிமிர்த்தலாம் என்று கொல்லுப்பட்டறையில் நெருப்பில் வைத்தோம். இரும்பின் பதம் போய்விட்டது. லுணுகலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பின்பக்கம் தொங்கி, டயர் மட்கார்டில் உரசி, ஒரே ரப்பர் நாற்றம்.

"காரு வாங்கினது ஏறிப் போறதுக்கா, அடியில படுத்துக் கெடக்கிறதுக்கா?" என்றாள் மனைவி. "பேசாம எறங்கி நடந்து வாங்களேன். காலு என்ன தேஞ்சா போயிரும்?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு!" என்று கத்தினேன்.

பண்டாரவளையில் மரக்கறி ஏற்றித் திரிந்து ஓய்ந்துபோன ஒரு வேனின் ஸ்பிரிங்குகளைக் கடைசியில் தேடிப் பிடித்தோம். தடித்தவை, வளைவு குறைந்தவை. பதுளை கராஜில் நீளத்தை வெட்டி, நுனியை மடித்துப் பூட்டினால், ஒரு பக்கம் தாழும், மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கழற்று, பூட்டு, மறுபடி கழற்று. சனியன்! ஸ்பேனரை ஆற்றில் எறிந்துவிடலாம் போலிருந்தது.

ஒருவழியாக நான்கு பக்கமும் சமமானதும் கராஜ்காரர் கையைத் துடைத்தார். "இதுக்கு மேல எறக்கினா நீங்க தரையில உக்காந்துதாங்க போகணும்."

பசறை ரோட்டில் ஓட்டினேன். அடடா! தார் ரோட்டு வளைவுகளில் கார் கொஞ்சமும் சாயவில்லை. தனியாக வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சூட்டிலேயே நேராகத் தோட்டத்துக்கு விட்டேன்.

சாயந்தரத் தேத்தண்ணீர் நேரம். துரை பைப்பும் கையுமாக வராந்தாவில் நின்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாயாமல், சறுக்காமல் கார் திரும்பியது. பாதி வளைவைத் தாண்டியும் விட்டேன். அடியில் 'டங்' என்றது.

மழைத் தண்ணீர் ஓட அங்கே பாதைக்குக் குறுக்கே ஒரு கான் உண்டு, கருங்கல் விளிம்போடு. நடக்கும்போது எத்தனையோ தடவை தாண்டிய கல்தான்; தாழ்ந்த காருக்கு அது இடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது காரின் வயிறு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. எஞ்சினை எவ்வளவு முடுக்கியும் முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. துரை பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது?

கதவைத் திறந்தேன். கார் அவ்வளவு தாழ்வு; கையைத் தரையில் ஊன்றித்தான் வெளியே வர முடிந்தது. அடியில் எங்கே மாட்டியிருக்கிறது என்று நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

நிமிர்ந்தபோது துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்.

"பரவால்ல, பரவால்ல" என்று கையைக் காட்டினார். "மரியாதை போதும். ஏறிப் போ!"