பூ எந்தப் பக்கம்?

கல்யாணமாகி மலைமேல் இருக்கும் வாழவந்திக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான்: ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. எங்கள் வீடு மேலே பஸ் ரோட்டோரம் இருந்தது. ஊற்று சரிவின் அடியில். இடுப்பில் குடத்தோடு ஏறினால் பாதித் தண்ணீர் புடவைக்கு, மீதி சமையலுக்கு. என் கணவருக்கு அந்தச் சரிவு இருப்பதே தெரியாது. வெந்நீர் அண்டாவில் தானாக ஊறுகிறது என்று நினைத்திருந்தார் போல.

எழுபதுகளின் கடைசியில் அவரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்தார்கள். வீடு ஆளுக்குப் பாதி என்று சண்டையில்லாமல் முடிந்தது. மிச்சம் இரண்டு நிலம்: ரோட்டோரம் ஒன்று, ஊற்றோடு ஒன்று. இரண்டு பேருக்குமே ஊற்று வேண்டும். சீட்டு எழுதிப் போடலாம் என்றார் பஞ்சாயத்துக்கு வந்த ஊர்ப் பெரியவர். "எழுதறவங்க கை சும்மா இருக்குமுங்களா?" என்று அண்ணன் மறுத்தார். பூவா தலையா போடலாம் என்றால், தம்பி பையிலிருக்கும் ரூபாய் தம்பி பேச்சைத்தான் கேட்கும் என்றார். கடைசியில் பலாவேர் தோண்டும்போது கிடைத்து, சாமி படத்தடியில் கிடந்த வெள்ளிக்காசை எடுத்தார்கள். நிலம் கொடுத்த காசு ஓரவஞ்சனை செய்யாதாம்.

அதுவரை யாரும் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அடித்த காசு என்பதே பின்னாளில் சேலத்திலிருந்து வந்த ஒரு காலேஜ் வாத்தியார் சொல்லித்தான் தெரியும். ஒரு பக்கம் தாடியும் தடித்த கழுத்துமாக அவர் முகம், தலையைச் சுற்றி இலை மாலை. மறுபக்கம் ஒரு பெண் நடந்து போகிறாள். ஒரு கையில் பூ, மறுகையால் உடுப்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். நம்பிக்கைக்கு அவள்தான் தெய்வமாம். எனக்கென்னவோ சரிவில் வழுக்காமல் ஏறுகிறவளாகத்தான் தெரிந்தாள்.

"மூத்தவன் நானு. எனக்குத் தலை," என்றார் அண்ணன். அப்படியானால் பூ என் கணவருக்கு. பெரியவர் சுண்டினார். பெண் இருந்த பக்கம் மேலே விழுந்தது.

"பூ!" என்று துள்ளினார் என் கணவர்.

"எங்கடா பூ? அம்மணிக்குத் தலை இல்லியா? முண்டமாவா நடந்து போறா?" என்றார் அண்ணன்.

பெரியவர் காசைத் திருப்பினார். "இந்தப் பக்கந்தானுங்க தலை. கழுத்தோட இருக்குது பாருங்க."

"அவன் தலையச் சுத்தி இருக்கறது என்னங்க?"

"எலை."

"மரிக்கொழுந்தும் எலைதானுங்க. பூக்காரிகிட்டத்தான வாங்கறோம்? அப்ப இதுதானுங்க பூப் பக்கம்."

"ஆம்பள எங்கயாச்சும் பூ வெப்பானா?" என்றார் என் கணவர்.

"உன்ற கண்ணாலத்துல கழுத்துல என்ன கெடந்துச்சு, தாம்புக்கயிறா?" என்று கேட்டார் அண்ணன்.

பிறகு வெயிலில் பிடித்து அளந்தார்கள். பூவைவிட அவள் தலைதான் பெரிது, ஆகவே இது தலை என்று அண்ணன் வாதாடினார். இரண்டு பக்கமும் தலை என்றால் எனக்கு என்னதான் விழும் என்று என் கணவர் அழாத குறை. மூன்று பெரிய மனுஷர்கள் ஒரு துண்டு வெள்ளியைச் சுற்றிக் குந்தியிருந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஓரகத்தி, அண்ணனின் மனைவி, என் பக்கத்தில்தான் நின்றாள். அவளும் அதே சரிவில் குடம் சுமப்பவள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் பசி தாங்காமல் பெரியவர் எழுந்தார். "தலை எல்லாத்துக்கும் இருக்குதுங்க. பூ இவ கையில மட்டுந்தான் இருக்குது. இது பூ. நான் ஊட்டுக்குப் போறேன்."

ஊற்று எங்களுக்கு, ஆறுதலுக்குக் காசு அண்ணனுக்கு. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோறு போடும்போது, புது வீட்டுச் சமையல்கட்டு ஊற்றைப் பார்த்து இருக்கட்டும் என்றேன்.

"எந்தப் புது ஊடு?" என்றார் என் கணவர். "தண்ணி இருக்கற நெலத்துல எவனாச்சும் ஊடு கட்டுவானா? அங்க காப்பிச் செடி வெக்கறோம். இங்கதான பஸ் நிக்குது, இதே நொம்ப வசதி."

மறுநாள் காலை கீழே போய்க் குடத்தை நிரப்பி, கல்மேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறினேன். எதிரே ஓரகத்தி வந்தாள். "இனிமே உங்களக் கேட்டுத்தான் தண்ணி எடுக்கோணுமா கண்ணு?" என்றாள். புது வீடு கிடையாது என்றதையும் குடத்தைக் கீழேயே விட்டு வந்ததையும் சொன்னேன். அவள் இறங்கிப் போய்த் தன் குடத்தையும் நிரப்பி என் குடத்தோடு வைத்துவிட்டு வந்தாள்.

"காப்பி எங்க?" என்றார் என் கணவர்.

"ஊத்துல இருக்குதுங்க. செயிச்சது நீங்கதான, போயி எடுத்துட்டு வாங்க."

அடுத்த பாதி வீட்டிலும் அதே கேள்விக்கு, "ஊத்துல இருக்குதுங்க" என்ற பதில் கேட்டது. அண்ணனும் தம்பியும் இறங்கிப் போனார்கள். வெகுநேரம் கழித்து வேட்டி நனைந்து, மூச்சு வாங்க, என் கணவர் குடத்தை வாசலில் இறக்கினார்.

"தெனமும் இப்படித்தானா?" என்றார்.

"காலையில ரெண்டு நடைங்க," என்றேன். "இன்னொண்ணு பாக்கி இருக்குது."