புதன்கிழமை, இரண்டு மணி

நொரீன் டக்வெல் தன் வாயால் எனக்குச் சொன்னது இது. எங்கள் முரன்டா ஊரில் அவளைப் பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை. 

ஊரின் வாரப் பத்திரிகை 'முரன்டா மெசெஞ்சர்'. நொரீன்தான் ஆசிரியர், நிருபர், எல்லாம். அந்த வாரம் பத்திரிகைக்கு நூற்று இருபத்தைந்து வயது. சிறப்பிதழுக்காக அதன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தாள். நடுவில் ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார் ஃபாதர் கீனன் போன் செய்தார். கிளாரி ஹோபன் என்ற பெரியவர் இறந்துவிட்டார். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்களுக்கு ஆயுள் முழுக்கச் சமைத்துப் போட்டவர். சொந்தம் என்று யாரும் இல்லை. புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கோயிலில் அடக்கத் திருப்பலி, பத்திரிகையில் போடச் சொன்னார்.

அவசரத்தில் அவள் 'வியாழன்' என்று அடித்தாள்.

செவ்வாயன்று இதழ் வீடுவீடாகப் போன பிறகுதான் தப்பு கண்ணில் பட்டது. உள்ளூர் வானொலிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போட மனம் வரவில்லை. முதல் பக்கத்தில் அவளே பெருமையாக எழுதியிருந்தாள்: 'ஒரு மரணச் செய்தியைக்கூட நாங்கள் தவறாகப் போட்டதில்லை.'

மறுநாள் தனியாகக் கோயிலுக்குப் போனாள். அந்த மனுஷனுக்குத் தானாவது இருக்கட்டுமே என்று.

வெளியே சவ வண்டியைத் தவிர ஒரு கார்கூட இல்லை. சுட்டெரிக்கும் வெயில். ஆனால் உள்ளே இருந்து சத்தம்... சரசர... சரசர... காகிதம் புரளும் சத்தம்.

கதவைத் தள்ளினாள்.

கோயில் நிரம்பியிருந்தது.

வரிசை வரிசையாக முதுகுகள். ஒருவரும் திரும்பவில்லை. அந்த வெக்கையிலும் ஆண்கள் கம்பளிக் கோட்டு. பெண்கள் கையுறை. ஊரில் எல்லோரையும் தெரிந்த நொரீனுக்கு ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

எல்லோர் கையிலும் மெசெஞ்சர்.

கடைசி வரிசையில் இருந்தவர் தன் இதழை அவள் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். பத்திரிகையின் பெயருக்கு மேலே கறுப்பு அன்னத்தின் படம். அந்தப் படத்தை 1931லேயே பத்திரிகையிலிருந்து நீக்கிவிட்டார்கள். போன வாரம்தான் சிறப்பிதழ் வரலாற்றில் அவளே அதை எழுதியிருந்தாள்.

கீழே கிளாரியின் பெயர். நாள்...

புதன்.

"எங்க காலத்துப் பேப்பர்ல தப்பு வராதும்மா," என்றார் அவர். திரும்பாமலே.



சரசர...

சரசர...

எப்போது வெளியே வந்தாள், எப்படி வந்தாள், தெரியாது.

வியாழக்கிழமை ஊரே நல்ல உடுப்போடு கோயிலுக்கு வந்தது. கதவு பூட்டியிருந்தது. நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார்கள். தப்பு என்னுடையது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி அழுதாள் நொரீன். யாரும் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

சனிக்கிழமை ஃபாதரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர் வாளியும் துணியுமாக நின்றார்.

"புதன்கிழம யாருமே வரல நொரீன். நானு, சவப்பெட்டி கொண்டாந்தவரு, வாசல்ல நீ. முன்னாடி வந்து உக்காரும்மான்னு கூப்பிட்டேன். எடமில்ல ஃபாதர்னு சொன்ன."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத விடு. இந்த பெஞ்சுங்களப் பாரு. மூணு நாளாத் தொடைக்கிறேன், போகல. எல்லா வரிசையிலயும் விரல் அடையாளம். அச்சு மை..."

துணியை விரித்துக் காட்டினார்.

"இன்னும் காயல."